எனோலா கேயும் ஒரு சாப்பாட்டு டப்பாவும்

வாஷிங்டனுக்குக் கொஞ்சம் வெளியே, டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி, பெரிய கொட்டகை போல ஒரு கட்டடம் இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்துக்கு அது கிளை. உள்ளே வெள்ளிப் பாத்திரம் தேய்த்து வைத்ததுபோல் மின்னும் ஒரு பி-29 குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 43 மீட்டர். மூக்குப் பகுதியில், விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே, கறுப்பு எழுத்தில் 'எனோலா கே' என்று எழுதியிருக்கும். அதை ஓட்டிய பால் டிபெட்ஸின் அம்மா பெயர் அது. 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமா மேல் அணுகுண்டு போட்ட விமானம் இதுதான்.

2003 டிசம்பரில் இந்தக் கிளை திறந்தபோது விமானத்துக்கு முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானங்களிலேயே தொழில்நுட்பத்தில் முந்தி நின்றது இது என்று பலகை சொன்னது. ஹிரோஷிமாவில் குண்டு போட்டது என்பதையும் சொன்னது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. அந்த வரி மறதியால் விடுபட்டதில்லை. அதற்கு எட்டு வருஷம் முன்பு, இதே விமானத்தை எப்படிக் காட்டுவது என்று நடந்த சண்டையில் ஒரு கண்காட்சி திறப்பதற்கு முன்பே கைவிடப்பட்டது, இயக்குநர் பதவியை விட்டுப் போனார். ஒரு தேசத்தின் கதையை மியூசியம் சொல்வதும், பார்க்க வருகிறவர் வீட்டிலிருந்து ஒரு கதையை மனசில் கொண்டுவருவதும், இரண்டும் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் இந்த ஒரு விவகாரத்தில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரிவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

போர் முடிந்த நாலு வருஷத்தில் விமானம் ஸ்மித்சோனியனுக்கு வந்துவிட்டது. ஆனால் நிறுத்த இடமில்லை. 1953 முதல் 1960 வரை ஒரு விமானப் படைத் தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பறவைகள் கூடு கட்டின, உள்ளே புகுந்து சாமான்களைக் கழற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. பிறகு பிரித்துக் கிடங்கில் போட்டார்கள். பழைய பி-29 வீரர்களுக்கு இது பெரிய வருத்தம். தங்கள் உயிரைக் காப்பாற்றிய விமானத்தைக் குப்பை மாதிரி போட்டுவிட்டார்கள் என்று கையெழுத்து வாங்கினார்கள், பணம் திரட்டினார்கள். 1984-இல்தான் அதைச் சீர்படுத்தும் வேலை தொடங்கியது. போர் முடிந்து 50 ஆண்டு நிறைவது 1995-இல். அந்த வருஷம் விமானத்தை மக்கள் பார்வைக்கு வைப்பது என்று முடிவானது.

அப்போது இயக்குநராக இருந்தவர் மார்ட்டின் ஹார்விட். பிராகில் பிறந்த வானியற்பியல் அறிஞர். அமெரிக்க ராணுவத்தில் இருந்த காலத்தில் பசிபிக் தீவுகளில் நடந்த அணு ஆயுதச் சோதனைகளை நேரில் பார்த்தவர். அவருடைய குழு 1994 ஜனவரியில் தயாரித்த கண்காட்சி வரைவு 500 பக்கத்தைத் தாண்டியது. போரின் கடைசி மாதங்கள், குண்டு போடும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது, விமானமும் அதன் குழுவும், கீழே ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் நடந்தது, அதன் பின்விளைவான அணு ஆயுதப் போட்டி என்று ஐந்து பகுதி.

நாலாவது பகுதிக்காக ஹிரோஷிமாவிலிருந்தும் நாகசாகியிலிருந்தும் சில பொருள்களைக் கடனாகக் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று சாப்பாட்டு டப்பா. பெண்கள் பள்ளியில் முதல் வருஷம் படித்த ஒரு சிறுமியுடையது. அன்று காலையில் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டடம் இடிக்கும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். விமானத் தாக்குதல் நடந்தால் தீ பரவாமலிருக்கத் தெரு நடுவே இடைவெளி உண்டாக்கும் வேலை. சிறுமியின் உடல் கிடைக்கவே இல்லை. டப்பா கிடைத்தது. உள்ளே சோறும் பட்டாணியும் அப்படியே கரியாகி இருந்தன. காலையில் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிய யாருக்கும் அந்தப் பேழைக்கு முன்னால் நிற்க இரண்டு நிமிஷம் போதாது.

டப்பா கையகலம், விமானம் 43 மீட்டர். ஆனாலும் டப்பாதான் ஜெயிக்கும் என்று எதிர்த்தவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு பொருளை எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் மனசு மனுஷச் சாயல் உள்ள பொருளிடம்தான் போய் ஒட்டிக்கொள்ளும்.

1994 ஏப்ரலில் விமானப் படைச் சங்கத்தின் பத்திரிகையில் அதன் ஆசிரியர் ஜான் கொரல் வரைவைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். படங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஜப்பானியர் பட்ட பாட்டைக் காட்டும் படங்கள் 49, அமெரிக்கர் பட்ட பாட்டைக் காட்டுபவை 3. இன்னொன்று, வரைவில் இரண்டு வாக்கியங்கள். பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு இது பழிவாங்கும் போர், பெரும்பாலான ஜப்பானியருக்கு இது மேற்கத்திய ஏகாதிபத்தியத்திடமிருந்து தங்கள் பண்பாட்டைக் காக்கும் போர் என்ற பொருளில் அவை இருந்தன. ஜப்பான் சீனாவில் செய்த கொடுமைகளும் அதே வரைவில் சொல்லப்பட்டிருந்தன. ஆனாலும் அந்த வாக்கியங்கள் எழுதியிருக்கவே கூடாதவை. ஆசியா முழுக்க லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஒரு படையெடுப்பைப் பண்பாட்டுக் காவல் என்று யாருடைய வாயில் வைத்துச் சொன்னாலும் தப்பு. அடுத்த வரைவிலேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். ஆனால் கடைசி வரை செய்தித்தாள்கள் அவற்றையே மேற்கோள் காட்டின.

வரைவு பல முறை திருத்தப்பட்டது. 1994 செப்டம்பரில் அமெரிக்க செனட், இந்த வரைவு முன்னாள் வீரர்களைப் புண்படுத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் வீரர் அமைப்புடன் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேசித் திருத்தினார்கள். ஓரளவு சமாதானம் ஆன மாதிரியும் இருந்தது. அப்புறம் ஒரு எண் எல்லாவற்றையும் கவிழ்த்தது.

குண்டு போடாமல் ஜப்பானில் இறங்கியிருந்தால் எத்தனை அமெரிக்கர்கள் பலியாகியிருப்பார்கள்? பொதுமக்கள் மனசில் இருந்த எண் பத்து லட்சம். போர்க்காலத்தில் போர்த்துறைச் செயலாளராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947-இல் எழுதிய கட்டுரையால் பரவிய எண் அது. செத்தவர், காயம்பட்டவர் எல்லாரும் சேர்ந்த கணக்காக அவர் சொன்னது, வாய்க்கு வாய் போகும்போது பத்து லட்சம் உயிர் என்றாகிவிட்டது. 1945 ஜூனில் ராணுவம் போட்ட கணக்குகள் அதைவிட மிகக் குறைவு. 1995 ஜனவரியில் ஹார்விட், வரலாற்று ஆய்வாளர் ஒருவர் காட்டிய ஆவணத்தை வைத்து, முதல் கட்டத் தரையிறக்கத்துக்கான எண்ணை 63,000 என்று மாற்றப்போவதாக லீஜனுக்குக் கடிதம் எழுதினார். அத்தோடு பேச்சு முறிந்தது. கண்காட்சியையே ரத்துசெய்யச் சொன்னது லீஜன். ஹார்விட்டை நீக்கச் சொல்லி 81 காங்கிரஸ் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரி 30 அன்று ஸ்மித்சோனியன் தலைவர் மைக்கேல் ஹேமன் கண்காட்சியைக் கைவிட்டார். மே மாதம் ஹார்விட் விலகினார்.

ஓர் எண்ணுக்கு ஏன் இத்தனை கோபம்? 1945-இல் இருபது வயதில், நவம்பர் முதல் தேதி கியூஷூ தீவில் இறங்கப்போகிறோம் என்று காத்திருந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் போர் முடிந்துவிட்டது. அவன் வீடு திரும்பினான், கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான், 1995-இல் பேரனைக் கைப்பிடித்து மியூசியத்துக்குக் கூட்டி வருகிறான். அந்தப் பேரனே அந்த விமானம் தந்த உயிர்ப்பிச்சை என்று அவர் ஐம்பது வருஷமாக நம்பியிருக்கிறார். 63,000 என்ற எண் அவருக்குப் புள்ளிவிவரமாகப் படாது. 'நீ பிழைத்தது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை' என்று யாரோ சொல்வதாகத்தான் கேட்கும். ஹேமனும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: தங்கள் தியாகத்தை நாடு போற்றும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஆராய்ச்சியைத் தேடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது மியூசியம் என்ற இடத்தைப் பற்றியது. குண்டு தேவைதானா என்று வரலாற்றாசிரியர்கள் புத்தகங்களில் பல வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். செனட் அதற்கெல்லாம் தீர்மானம் போடவில்லை. அதே 1990களில் ராய் ரோசன்ஸ்வைக், டேவிட் தெலன் என்ற இருவர் சுமார் 1,500 அமெரிக்கர்களிடம், கடந்த காலத்தைப் பற்றி எதை நம்புவீர்கள் என்று கேட்டுப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். அருங்காட்சியகங்களுக்கு 8.4 கிடைத்தது. சொந்தத் தாத்தா பாட்டிக்கே 8.0 தான். கல்லூரிப் பேராசிரியருக்கு 7.3, புத்தகத்துக்கு 6.4, சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் 5.0. மியூசியத்தில் அசல் பொருளை நாமே நேரில் பார்க்கிறோம், நடுவில் யாரும் இல்லை என்பது மக்கள் சொன்ன காரணம். அதாவது புத்தகத்தில் இருப்பது ஒருவருடைய கருத்து, மியூசியத்தில் இருப்பது நடந்த உண்மை. இப்படி நம்புகிற ஒருவர், தாத்தா சொன்ன கதைக்கு மாறான ஒன்றை அங்கே படித்தால் பலகையை எழுதியவர்மேல் கோபப்படாமல் என்ன செய்வார்?

ஆனால் நடுவில் ஆள் இருக்கத்தான் செய்கிறார். ஆயிரம் பொருளில் எந்த ஐம்பதை வெளியே எடுப்பது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, எந்த வருஷத்தில் கதையைத் தொடங்குவது என்று முடிவு செய்தவர் ஒருவர் உண்டு. ஜப்பான் அமெரிக்காவை முதலில் தாக்கிய பேர்ல் ஹார்பரில் தொடங்கினால் ஒரு கதை. 1945 ஆகஸ்டில் தொடங்கினால் வேறு கதை.

கடைசியில் 1995 ஜூனில் என்ன காட்டினார்கள்? விமானத்தின் முன்பகுதி 17 மீட்டர், இரண்டு எஞ்சின், சீர்படுத்திய விதம், குழுவினர் பேசும் வீடியோ. ஹிரோஷிமாவின் பொருள்கள் எதுவும் இல்லை. 1998 வரை ஏறக்குறைய 40 லட்சம் பேர் பார்த்தார்கள். பொருளைச் சும்மா வைத்துவிட்டால் போதும், அதுவே பேசும் என்று அப்போது பலரும் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு முழு மாறுபாடு. சும்மா வைத்த பொருள் பார்ப்பவருடைய வாயால்தான் பேசும். போரை முடித்த விமானம் என்று நினைத்து வந்தவருக்கு அது அதையே சொல்லி அனுப்பியது. ஹிரோஷிமாவில் பாட்டியைப் பறிகொடுத்தவர் வந்தால் அவருக்கு வேறு சொல்லும். யாருக்கும் புதிதாக எதுவும் சொல்லியிருக்காது. அந்தச் சாப்பாட்டு டப்பா அதே ஆண்டு ஜூலையில் வாஷிங்டனுக்கு வந்தது, வேறு இடத்துக்கு. அமெரிக்கன் பல்கலைக்கழகம் தனியாக நடத்திய கண்காட்சியில் அதை வைத்தார்கள். ஒரே ஊரில் விமானம் ஓரிடம், டப்பா ஓரிடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை.

சரி, டப்பா எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர் மியூசியம் எப்படி? ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் 1955-இல் திறந்தது. எரிந்த சட்டை, 8:15-இல் நின்றுபோன கைக்கடிகாரம், மூன்று வயதுப் பையனின் முச்சக்கர வண்டி. பையனோடு சேர்த்துப் புதைத்த வண்டியை நாற்பது வருஷம் கழித்து அப்பா தோண்டியெடுத்துக் கொடுத்தார். பல காலம் அங்கே கதை ஆகஸ்ட் 6 காலையில்தான் தொடங்கியது. புயல் வந்த மாதிரி, வானத்திலிருந்து ஒன்று வந்து விழுந்தது. இது ராணுவ நகரமாக இருந்ததும், சீனப் போருக்குப் படைகள் கப்பலேறிய துறைமுகம் இங்கே இருந்ததும் 1994-இல் கிழக்குக் கட்டடம் சேர்த்த பிறகுதான் விரிவாக இடம்பெற்றன. குண்டில் செத்தவர்களில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் உண்டு. கொரியா அப்போது ஜப்பானின் காலனி. வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கான நினைவுச் சின்னம் 1970-இல் எழும்பியது, அமைதிப் பூங்காவுக்கு வெளியே. உள்ளே வருவதற்கு 1999 ஆனது.

இங்கும் வருகிறவர்களின் எதிர்பார்ப்பு ஒரு தரம் வெளிப்படையாகவே தெரிந்தது. தோல் தொங்க நடக்கும் மனிதர்களின் பொம்மைகள் பல வருஷமாக அங்கே இருந்தன. பள்ளிச் சுற்றுலா வந்த தலைமுறைகளுக்கு ஹிரோஷிமா என்றாலே அந்தப் பொம்மைகள்தான். 2017-இல் மியூசியம் அவற்றை எடுத்தது. இனி அசல் பொருள்களும் படங்களும் மட்டும் போதும் என்றது. கூடாது என்று கையெழுத்து இயக்கமே நடந்தது. உயிர் பிழைத்தவர்களிலோ, உண்மை இதைவிடப் பயங்கரம், பொம்மை குறைத்துத்தான் காட்டுகிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

டோக்கியோவில், போரில் செத்த ஜப்பானியப் படைவீரர்களை வணங்கும் யாசுகுனி ஆலயத்தை ஒட்டி யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1882-இல் தொடங்கியது, 2002-இல் புதுப்பித்தது. அங்கே இந்தப் போரின் பெயரே 'பேரளவு கிழக்கு ஆசியப் போர்'. ஜப்பான் தற்காப்புக்காகப் போரில் இறங்கியது, அதனால் ஆசியா வெள்ளைக்காரரிடமிருந்து விடுபட்டது என்பது அங்கே சொல்லும் கதை. வெளியே ராதாபினோத் பாலுக்கு 2005-இல் எழுப்பிய நினைவுக்கல் உண்டு. போருக்குப் பிறகு ஜப்பானியத் தலைவர்கள்மேல் நடந்த டோக்கியோ விசாரணையில் குற்றம்சாட்டப்பட்ட யாரும் குற்றவாளி இல்லை என்று தனித் தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி அவர்.

நுழைந்ததும் கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. கறுப்பு, பளபளப்பு, சி56 வகை, எண் 31. 1943 அக்டோபர் 25 அன்று தாய்லாந்து-பர்மா ரயில் பாதை திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின். போருக்குப் பிறகும் தாய்லாந்தில் ஓடியது. பழைய ரயில்வே படைப்பிரிவுக்காரர்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்து 1979-இல் யாசுகுனிக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பாதையைத்தான் நம் மக்கள் சயாம் மரண ரயில் என்கிறார்கள். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்.

போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் போட்ட பாதை அது. 415 கிலோமீட்டர், காடும் மலையும். கைதிகளான நேச நாட்டுப் படைவீரர்கள் 60,000-க்கும் மேல் அதில் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். மலேயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேரில் பெரும்பகுதி தமிழர். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் வேலை இல்லை. நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் உண்டு. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவை அடைத்து, ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. மழைக்காலத்தில் காலரா வந்தது. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் கதை வேறு மாதிரி விடுபடுகிறது. அங்கே வருகிறவர்கள் பலரும் 1957-இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தை மனசில் வைத்துக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கலவில். கதையில் பாலம் குவாய் ஆற்றின் மேல். நிஜப் பாலமோ மே குளோங் ஆற்றின் மேல். வருகிறவர்கள் குவாய் எங்கே குவாய் எங்கே என்று கேட்டதில், 1960-இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.

பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு புத்த மடத்தில் 1977-இல் தொடங்கிய ஜீத் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. மூங்கில் கொட்டகை, கைதிகள் படுத்திருந்த மாதிரியே. ஜீத் என்பது சம்பந்தப்பட்ட நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகள்: ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து. மலேயாவுக்கு எழுத்து இல்லை. பர்மாவுக்கு இல்லை. ஜாவாவுக்கும் இந்தியாவுக்கும் இல்லை. ஊர் நடுவில் உள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கற்கள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. படைவீரனுக்கு ராணுவத்தில் பதிவேடு இருந்தது, போர் முடிந்ததும் தேடிவர ஆள் இருந்தார்கள், பிழைத்தவர்கள் நாட்குறிப்பும் ஓவியமும் கொண்டுபோனார்கள். பேழையில் வைக்க அவர்களிடம் பொருள் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் மண்வெட்டியை யார் எடுத்து வைத்தார்கள்? கல்லறைக்கு எதிரே பின்னாளில் வந்த ரயில் பாதை மையம் ஆசியத் தொழிலாளர்களின் கணக்கையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் அங்கேயும் காட்டுவதற்கு அவர்களுடைய பொருள் குறைவு.

நம் மனசில் என்ன கதை இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் நேதாஜி இருந்தார், இந்திய தேசிய ராணுவம் இருந்தது. மலேயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள், தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள் என்பது இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஜப்பான் அங்கே நமக்குத் துணை நின்ற நாடு. சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை நேதாஜி சிங்கப்பூரில் அறிவித்தது 1943 அக்டோபர் 21. மரண ரயில் பாதையின் திறப்பு விழா அக்டோபர் 25. நடுவில் நாலே நாள். ஒரே தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுப் பையன் படைக்குப் போயிருப்பான், பக்கத்து வீட்டுப் பையன் சயாமுக்குப் போயிருப்பான். முதல் தேதி எனக்குப் பள்ளியிலேயே தெரியும். இரண்டாவது தேதியை யாரும் சொல்லித் தரவில்லை. அது தெரியாமல் யூஷூகானுக்குப் போயிருந்தால் அந்த எஞ்சினை அழகான பழைய எஞ்சின் என்று பார்த்துவிட்டு, பாலின் நினைவுக்கல் முன்னால் நம் நாட்டுக்காரர் என்று படமும் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

மலேசியாவில் சில ஆர்வலர்கள் பிழைத்துத் திரும்பியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தேடிப் போய்ப் பேச்சைப் பதிவு செய்து வருகிறார்கள். போனபோது பதினைந்து வயது என்றாலும் இப்போது தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருக்கும். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை, எந்த முகாமில் செத்தார் என்று தெரியாது என்கிற அளவுக்குத்தான் பல வீடுகளில் மிச்சம் இருக்கிறது. வைப்பதற்கு ஒரு டப்பா கூட இல்லாதவர்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை யாராவது எழுதி, அந்த எஞ்சின் பக்கத்தில் தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் ஒரு பலகையாக வைக்க வேண்டும்.